‘ஞானஸ்நானம்’ என்ற சொல்லும் சாதிச் சான்றிதழும்

திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றின் காலனியில் வாழும் மாணவி ஒருவரின் சாதிச் சான்றிதழ் மெய்த்தன்மை விசாரணைக்கு அவருடைய வழக்கறிஞராகச் சென்றிருந்தேன். தந்தை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்று அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பாட்டிதான் உடன் வந்திருந்தார். விசாரித்த அலுவலர் ஊரில் அவர்கள் வாழும் தெருவைப் பற்றிக் கேட்கவில்லை. சுடுகாடு எது என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “இந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் ஆச்சா?”

பாட்டி சொன்னார்: “பொறந்தப்போ ரொம்பச் சீக்கா இருந்துச்சுங்க. அய்யரு வந்து தலையில தண்ணி ஊத்தி ஜெபம் பண்ணாரு. அப்புறம் பொழச்சுக்கிச்சு.” எழுத்தர் எழுதிக்கொண்டார்: ‘மேற்படியார் ஞானஸ்நானம் பெற்றவர்.’

பாட்டி சொன்னது, நோயுற்ற குழந்தைக்காக ஒரு போதகர் செய்த மன்றாட்டு. எழுத்தர் எழுதியது, ஒரு மனிதர் தம் சமயத்தையும் அதனோடு தம் சட்ட நிலையையும் மாற்றிக்கொண்ட நிகழ்வு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியது ஒரே ஒரு சொல். அச்சொல்லின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, தமிழில் அது எவ்வாறு இவ்வடிவம் பெற்றது, நீதிமன்றங்கள் அதனை எவ்வாறு படிக்கின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தலித் கிறித்தவர் உரிமைக்கான போராட்டத்தில் ஈடுபடுவோர் இவ்வரலாற்றை அறிந்திருப்பது பயன் தரும்.

மூழ்கிப் போதல்: கிரேக்க மூலம்

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் ‘பாப்தோ’ என்ற எளிய வினை உண்டு. தோய்த்தல், துணியைச் சாயத்தில் முக்குதல் என்பன அதன் பொருள்கள். அதிலிருந்து பிறந்த வலிமையான வினை ‘பாப்திசோ’. கிறித்தவத்திற்கு முன்பே வழக்கில் இருந்த இச்சொல்லைக் கிரேக்க எழுத்தாளர்கள் கடலில் கப்பல் மூழ்குவதற்கும், மதுவில் ஒருவன் அமிழ்ந்துபோவதற்கும், கடனில் மூழ்கித் தத்தளிப்பதற்கும் பயன்படுத்தினர். உடலைத் தூய்மைப்படுத்துதல் என்பதைவிட, முழுவதுமாக ஆட்கொள்ளப்படுதல், அடியோடு அமிழ்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள்.

யூத மரபில் இதற்கு இணையான செயல் முன்பே இருந்தது. எபிரேய மொழியில் ‘தாவல்’ என்றால் முங்குதல். நாமான் என்ற சிரியப் படைத்தலைவன் தொழுநோய் நீங்க யோர்தான் ஆற்றில் ஏழு முறை முங்கிய கதையில் இவ்வினைதான் வருகிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அவ்விடத்தில் ‘பாப்திசோ’ என்ற வினையை இட்டனர். யூத சமயத்தில் புதிதாகச் சேர்பவர் நீரில் முங்கி எழவேண்டும் என்பதும், அவ்வாறு எழுந்தவர் அன்று பிறந்த குழந்தைக்கு ஒப்பானவர் என்பதும் யூதச் சட்ட மரபின் கோட்பாடுகள். பழைய உறவும் பழைய நிலையும் அவருக்கு இல்லை என்பது அதன் சட்டப் பொருள்.

பவுல் இதனை மேலும் கொண்டுசென்றார். உரோமையருக்கு எழுதிய மடலில், நீரில் மூழ்குவதைச் சாவுக்கும் அடக்கத்துக்கும் ஒப்பிடுகிறார். எழுவது புதிய வாழ்வு. கலாத்தியருக்கு எழுதிய மடலில், அவ்வாறு மூழ்கி எழுந்தோரிடையே யூதர், கிரேக்கர் என்ற வேற்றுமையோ, அடிமை, உரிமைக் குடிமகன் என்ற வேற்றுமையோ, ஆண், பெண் என்ற வேற்றுமையோ இல்லை என்று வாதிடுகிறார். ஆகவே இச்சொல் தோன்றிய இடத்தில், பிறப்பால் வந்த நிலையைச் சாகடித்தல் என்ற பொருள் அதன் மையத்திலேயே இருந்தது.

பிற மொழிகள் கண்ட வழிகள்

இச்சொல்லை ஏற்ற மொழிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தன.

முதல் வழி, சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது. இலத்தீன் மொழியினர் தொடக்கத்தில் தோய்த்தல் என்ற பொருளுடைய தம் சொந்த வினையையும் பயன்படுத்தினர். பின்னர் கிரேக்கச் சொல்லே நிலைத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியம் ஆகியவை இலத்தீன் வழியாக அதனைப் பெற்றன. இந்தியின் ‘பப்திஸ்மா’, தெலுங்கின் ‘பாப்திஸ்மமு’, சிங்களத்தின் ‘பௌதீஸ்ம’ ஆகியனவும் இவ்வகையினவே. சொல் கேட்பவருக்கு விளங்காது. அதனாலேயே பழைய பொருள் எதையும் அது சுமந்து வருவதில்லை.

இரண்டாவது வழி, செயலை மொழிபெயர்ப்பது. செருமானிய மொழியின் ‘தௌஃபென்’ என்ற வினை, ஆழம் என்ற பொருளுடைய சொல்லோடு உறவுடையது. சிரிய மொழியிலும் மூழ்குதல் என்று பொருள்படும் வினையிலிருந்தே சொல் உருவாயிற்று. கேரளத்துச் சிரியக் கிறித்தவர் இன்றும் வழங்கும் ‘மாமோதீசா’ அதன் வழிவந்ததே.

மூன்றாவது வழி, செயலை விட்டுவிட்டு அதன் விளைவையோ சமயக் கருத்தையோ மொழிபெயர்ப்பது. உருசிய மொழியின் சொல் சிலுவையோடு தொடர்புடையது. அம்மொழியில் உழவனைக் குறிக்கும் ‘கிரெஸ்தியானின்’ என்ற சொல்கூடக் கிறித்தவன் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஒரு சமயச் சொல் ஒரு வர்க்கத்தின் பெயராகவே மாறிவிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இத்தேர்வுகள் வெறும் மொழிச் சிக்கல்கள் அல்ல. வங்காளத்தில் பாப்டிஸ்டு மிஷனரிகள் தங்கள் விவிலிய மொழிபெயர்ப்பில் இச்சொல்லை ‘மூழ்குதல்’ என்றே பெயர்த்தனர். நீர் தெளித்தாலே போதும் என்று கருதிய சபைகள் இதனை ஏற்கவில்லை. அம்மொழிபெயர்ப்புக்கு நிதி தர விவிலியச் சங்கங்கள் மறுத்தன. 1836-இல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கமே அமைத்தனர். ஓர் இந்திய மொழியில் ஒரு வினைச்சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்ற பூசல் அமெரிக்காவில் ஓர் அமைப்பை இரண்டாக்கியது.

பறங்கிக் குலத்திலிருந்து ஞானஸ்நானத்துக்கு

தமிழகத்தில் இச்சொல்லின் கதை கடற்கரையில் தொடங்குகிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிப் பெருந்திரளாகக் கிறித்தவத்தில் சேர்ந்தனர். சவேரியார் வந்து சேர்ந்தது 1542-இல். அதாவது நீர் முதலில், மறைக்கல்வி பிறகு. அண்டிரீக் அடிகள் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ முதலான தொடக்க நூல்கள், திருவருட்சாதனங்களைக் குறிக்கப் போர்த்துகீசியச் சொற்களையே பெரிதும் தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டின. முன்னர்ச் சொன்ன முதல் வழி அது.

1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, அங்கு முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ், கிறித்தவத்தில் சேர விரும்புவோரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டுவந்ததாக நொபிலியின் கடிதங்கள் தெரிவிக்கின்றன. இக்கேள்வியைச் சற்று நின்று நோக்கவேண்டும். குலத்தைச் சாகடிக்க வந்த சடங்கு, இங்கே இன்னொரு குலத்தில் சேரும் சடங்காக மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. மாட்டிறைச்சி உண்போரும் மது அருந்துவோரும் என்று இழிவாகப் பார்க்கப்பட்ட பறங்கியர் குலத்தில் சேர உயர்த்தப்பட்ட சாதியினர் எவரும் முன்வரவில்லை.

நொபிலி காவி உடுத்தினார். பறங்கியருடன் உறவைத் துண்டித்துக்கொண்டார். சமற்கிருதமும் தமிழும் கற்றார். போர்த்துகீசியச் சொற்களை நீக்கிவிட்டுச் சமற்கிருதச் சொற்களைக் கிறித்தவத் தமிழுக்குள் கொண்டுவந்தார். திருப்பலிக்குப் ‘பூசை’ என்ற சொல் வந்தது அவ்வாறே. அம்மரபில் நிலைபெற்ற சொற்களுள் ஒன்றுதான் ‘ஞானஸ்நானம்’. பின்னர் வந்த சீர்திருத்தச் சபையினரும் இதனையே ஏற்றனர். இன்றளவும் அவர்களுடைய விவிலியத்தில் யோவான் ‘யோவான்ஸ்நானன்’ என்றே வழங்கப்படுகிறார்.

‘ஸ்நானம்’ என்ற சொல் வெற்றுச் சொல்லாக வரவில்லை. கோயில் தீர்த்தம், நதிக்கரை, கிரகணம் விட்ட பின் குளித்தல், தீட்டுக் கழித்தல் ஆகிய ஒரு முழு உலகத்தை அது தன்னோடு அழைத்துவந்தது. அவ்வுலகில் நீர் எல்லோருக்கும் பொதுவானதன்று. யார் குளத்தில் இறங்கலாம், யார் கரையிலேயே நிற்கவேண்டும், யார் நிழல்பட்டால் மற்றவர் மறுபடியும் முழுகவேண்டும் என்ற விதிகளோடுதான் அங்கே ஸ்நானம் பொருள்பட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியதும், அதன்பின் சாதி இந்துக்கள் அக்குளத்தைப் பஞ்சகவ்வியத்தால் ‘தூய்மை’ செய்ததும் அந்த உலகம் இருபதாம் நூற்றாண்டிலும் மாறாதிருந்ததைக் காட்டுகின்றன. குளத்தைத் தீட்டாக்கக்கூடியவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு, ‘ஸ்நானம்’ என்ற சொல்லால் விடுதலையை அறிவிப்பதில் உள்ள முரணை நொபிலியின் வழிவந்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் பேச விரும்பியது குளத்தில் இறங்க உரிமை பெற்றிருந்தவர்களோடு.

தமிழில் வேறு சொல் இல்லாமலில்லை. ‘முழுக்கு’ என்ற சொல் குடமுழுக்கிலும் துலா முழுக்கிலும் வாழ்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் கத்தோலிக்கர் ‘திருமுழுக்கு’ என்ற வழக்கிற்கு வந்தனர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இச்சொல்லையே கையாள்கிறது. தனித்தமிழ் உணர்வு அதில் இருக்கிறது. ஆனால் கோயில் வாசனை அதிலும் உண்டு. கிரேக்க மூலத்தின் பொருளுக்கு மிக அருகில் வரும் தமிழ் வழக்கு, எந்தச் சபையும் பயன்படுத்தாத ஒன்று: ‘தலைமுழுகுதல்’. ஓர் உறவை இறந்துபோனதாகக் கருதி, இனி இல்லை என்று அறுத்துவிடுவதை நம் மக்கள் தலைமுழுகிவிட்டான் என்கிறார்கள். சாவும் நீரும் விடுதலையும் அங்கே ஒரே சொல்லில் சந்திக்கின்றன. பவுல் சொல்ல முயன்றது அதைத்தான். சாதியைத் தலைமுழுகும் சடங்கு என்று அது தமிழில் அறிமுகமாகியிருந்தால், அதனைக் கேட்டு வந்திருக்கக்கூடியவர்கள் யார், வர மறுத்திருக்கக்கூடியவர்கள் யார் என்பது வாசகருக்கு விளங்கும்.

எச்சில் குறித்த வழக்கு

சொல் மட்டுமன்று, சடங்கும் சாதிக்கு ஏற்ப வளைக்கப்பட்டது. நொபிலியின் முறைகளை 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு ஏற்றார். பூணூலுக்கும் குடுமிக்கும் இசைவு தந்த அதே ஆணை, உயர்குடிக் கிறித்தவர்கள் தாழ்ந்தவர் எனப்படுவோரை இகழவேண்டாம் என்றும், இறைவார்த்தை கேட்பதிலும் அருட்சாதனங்கள் பெறுவதிலும் அவர்களை விட்டு ஒதுங்கி நிற்கவேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டது. இசைவு சட்டமாயிற்று, வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. விரைவிலேயே மதுரை மிஷனில் பிராமணச் சந்நியாசிகளாக வாழ்ந்த குருக்கள் ஒரு புறமும், ‘பண்டாரசாமிகள்’ எனப்பட்ட குருக்கள் மறுபுறமும் எனப் பணியே சாதிவாரியாகப் பிரிந்தது.

உரோமைச் சடங்குமுறையில் திருமுழுக்கின்போது குரு தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதுகளிலும் மூக்கிலும் வைப்பது அந்நாளைய வழக்கம். காது கேளாதவரை இயேசு எச்சில் தொட்டுக் குணமாக்கிய நிகழ்வின் நினைவு அது. எச்சிலைத் தீட்டின் உச்சமாகக் கருதிய சாதி இந்துக்களின் அருவருப்பை எண்ணி, தமிழகத்து இயேசு சபையினர் இச்செயலை விட்டுவிட்டனர். புதுச்சேரி வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704-இல் இதனைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். எச்சிலும் உப்பும் மூச்சும் விடப்படக் கூடாது என்றார். அதே ஆணையின் மற்றொரு விதி இன்னும் முக்கியமானது: நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் குருக்கள் சென்று அருட்சாதனங்களை வழங்கவேண்டும். அதுவரை பல குருக்கள் சேரி வீட்டுக்குள் நுழையாமல், சாகக்கிடப்பவரை வெளியே தூக்கிவரச் செய்தனர் என்ற குற்றச்சாட்டே இவ்விதிக்குக் காரணம்.

‘மலபார் சடங்குகள்’ எனப்படும் இவ்வழக்கு நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்பளித்தார். எச்சிலையும் மூச்சையும் விட்டுவிடப் பத்தாண்டுகளுக்கு விலக்குத் தரப்பட்டது. பறையருக்கெனத் தனி மிஷனரிகளை நியமிக்கும் ஏற்பாடும் ஏற்கப்பட்டது. உலகளாவிய திருச்சபையின் தலைமையே ஒரு சாதிக்கெனத் தனிக் குருவை ஏற்றுக்கொண்ட நாள் அது. கிரேக்கத்தில் வேற்றுமைகளை மூழ்கடித்த சொல், இங்கே வேற்றுமைகளை நீரில் நனையாமல் பத்திரமாகக் கரையேற்றியது.

திருவள்ளூர்ச் சேரிகளில்

சீர்திருத்தச் சபைகளின் வரலாறு இதனினும் வேறானதா? தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707 மே மாதத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் அளித்த ஐவரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். தொடக்கம் அவ்வாறிருக்க, அதே தரங்கம்பாடிக் கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கமும் வந்தது. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைகள் உடனடியாகக் கைவிடவேண்டும் என்று ஆணையிட்டபோது, ஒடுக்கப்பட்டோருடன் ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெற மறுத்துத் தஞ்சையில் பெருந்தொகையான சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினர். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். சாதியைத் தலைமுழுகியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கதை திருவள்ளூர்ப் பகுதிக்கு வருகிறது. அன்று திருவள்ளூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது என்பதை இத்தளத்தின் வாசகர்கள் அறிவர். குடியிருந்த மனையும் மிராசுதாருக்கே உரியது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டும் என்ற நிலை அது. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனின் வில்லியம் கௌடி பணியாற்றிய காலமும் இதுவே. அவர் பெயரைத் திருவள்ளூரில் ஒரு மேல்நிலைப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது.

சேரி மக்கள் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் ஊர் முழுவதுமாக மிஷனரிகளிடம் வந்தனர். அவர்கள் கேட்டவை: பள்ளிக்கூடம், குடிமனை, நிலத்துக்கு மனு எழுதித்தர ஓர் ஆள், மிராசுதாரின் அடிக்கு எதிராக ஒரு சாட்சி. இதைக் கண்ட மிஷனரிகள் பலர் கலங்கினர். இவர்கள் ஆன்மிகத்துக்காக வருகிறார்களா, உலகப் பயனுக்காக வருகிறார்களா என்று ஐயுற்றனர், ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தனர், சோதித்தனர். இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு சேரிக்காரர் வரைந்ததன்று என்பதை வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத் தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அடிமையாக இருப்பவனுக்கு அடிமைத்தளையிலிருந்து விடுபடுவதை விடப் பெரிய ஆன்மிகம் எது? ‘ஞானம்’ என்ற முன்னொட்டைப் பெற்ற சொல், உடலையும் வயிற்றையும் மனையையும் வெளியே நிறுத்தியது. சேரி மக்களின் சொல்வழக்கு அப்பிரிவினையை ஏற்கவில்லை. அவர்கள் ‘வேதத்தில் சேர்ந்தோம்’ என்றே சொன்னார்கள். சேர்தல் என்பது அவர்களுக்கு ஒரு துணையைப் பெறுதல்.

உண்மையான நோக்கத்தோடு வந்தாரா என்ற இக்கேள்வி மிஷன் வளாகத்தோடு முடிந்துவிடவில்லை. அது இன்று அரசு அலுவலகத்தில் கேட்கப்படுகிறது. கேட்கும் திசைதான் மாறியிருக்கிறது.

நீதிமன்றத்தில் ஒரு சடங்கு

1950-ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத சமயத்தை ‘வெளிப்படையாகப் பின்பற்றும்’ எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. கிறித்தவராக வாழும் ஒருவர் அச்சட்டத்தை நாட முடியாது என்று 2025-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றமும் கூறியது.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கை நாம் மறக்கக் கூடாது. இந்து ஆதிதிராவிடரான தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. அதே சாதி, அதே தொழில், அதே சாலையோரமாக இருந்தும் கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. கிறித்தவத்திலும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது காரணம். நூற்றாண்டுகளின் சான்று ஆவணக் காப்பகங்களில் கிடந்தது.

இங்கு ஒரு சொல்லாய்வு தேவை. ஆணை, ஞானஸ்நானம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. சமயத்தை வெளிப்படையாகப் பின்பற்றுதல் என்றே கூறுகிறது. நாகபுரியில் பௌத்தம் தழுவியோர் தொடர்பான பஞ்சாபராவ் வழக்கில், 1964-இல் உச்ச நீதிமன்றம் அத்தொடருக்குப் பொருள் கூறியது: ஒருவர் தம் நம்பிக்கையை, அறிய வேண்டியோர் அறியும்படி பொதுவில் அறிவிப்பதே அது. 1970-இல் பெருமாள் நாடார் வழக்கில், இந்து சமயத்துக்கு வருவதற்குச் சுத்திகரிப்புச் சடங்கு எதுவும் கட்டாயமில்லை, உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்றது. இவ்விரு தீர்ப்புகளும் சடங்கை விட எண்ணத்தையும் அறிவிப்பையுமே முதன்மையாக வைக்கின்றன.

நடைமுறை வேறு. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை உறுதி செய்தது. அவர் தொடர்ந்து ஆலயம் செல்வதையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. ஆயினும் தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது, கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு அளிக்கப்பட்ட திருமுழுக்கின் பதிவேட்டுக் குறிப்பு. இந்து சமயத்துக்குத் திரும்பியதற்கான பொது அறிவிப்போ சடங்கோ மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறப்பட்டது. பேச்சு வராத குழந்தை எதையும் ‘அறிவிக்க’ இயலாது என்பதே இங்கு நாம் எழுப்பவேண்டிய கேள்வி. வெளியே போவதற்குப் பிறர் ஊற்றிய நீர் போதும், உள்ளே வருவதற்கு மட்டும் பொது அறிவிப்பு வேண்டும் என்றால், அளவுகோல் ஒன்றாக இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் இதனினும் நிதானமான பார்வையை வைத்தது. வீட்டுச் சுவரில் சிலுவை தொங்குவதும் ஆலயத்துக்குச் செல்வதும் ஒருவர் தம் சமயத்தைக் கைவிட்டார் என்பதற்குச் சான்றாகா என்று கூறி, பெண் மருத்துவர் ஒருவரின் சான்றிதழை இரத்து செய்த ஆணையை நீக்கியது. விசாரணைகளில் நம் தோழர்கள் எடுத்துக்காட்டவேண்டிய தீர்ப்பு இது.

நீர் கழுவியது எதனை?

இனி, சொல்லின் பயணத்தைத் தொகுத்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் அது பழைய நிலையின் சாவு. நொபிலியின் தமிழில் அது தூய்மையின் மொழியில் பேசும் ஸ்நானம். 1744-க்குப் பின் அது தனிக் குருக்களால் தனித்தனியே வழங்கப்பட்ட அருட்சாதனம். திருவள்ளூர்ச் சேரிகளில் அது பாதுகாப்புக்கான உடன்படிக்கை. இன்றைய அரசு அலுவலகத்திலோ அது உரிமையிழப்புக்கான ஆவணம்.

சமயக் கோட்பாட்டில் திருமுழுக்குச் சாதியை ஒழிக்கவேண்டும், ஒழிக்கவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது மூண்ட மோதலும், காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்ததும் அண்மைக்காலச் சான்றுகள். இரு தரப்பாரும் திருமுழுக்குப் பெற்றவர்களே. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஊரில் சாதி போகவில்லை, கல்லறையில் போகவில்லை, ஆலயத்தில் போகவில்லை. அரசின் பதிவேட்டில் மட்டும் அது போய்விட்டது.

ஆகவே இரு முனைகளில் போராட்டம் தேவை. ஒன்று, மூன்றாம் பத்தி நீக்கப்படவேண்டும். இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே அதனைப் பரிந்துரைத்தது, 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளது, 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டு அதன் காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் இயற்றியது. இரண்டு, திருச்சபைகள் தாம் வழங்கும் சடங்கின் பொருளுக்குத் தாமே உண்மையாக இருக்கவேண்டும். சாதி பார்த்துப் பெண் கொடுப்பவரும், கல்லறையில் சுவர் காப்பவரும், தேரைச் சேரிக்குள் விட மறுப்பவரும் தாம் பெற்ற திருமுழுக்கை மறுக்கிறார்கள் என்று பீடத்திலிருந்து சொல்லும் துணிவு ஆயர்களுக்கு வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். மெய்த்தன்மை விசாரணைக்கு அழைப்பு வந்தால் தனியே செல்லாதீர்கள். உங்கள் வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். நீங்கள் சொன்ன சொற்களிலேயே அது எழுதப்படவேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அன்று நாங்கள் அதைத்தான் செய்தோம். ‘ஞானஸ்நானம் பெற்றவர்’ என்ற வரியை ஏற்க மறுத்து, பாட்டியின் சொற்களை அவர் சொன்னபடியே பதியுமாறு எழுத்துமூலம் கேட்டோம். சற்று வாக்குவாதத்துக்குப் பின் எழுத்தர் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: ‘குழந்தை நோயுற்றிருந்தபோது போதகர் தலையில் நீர் ஊற்றி ஜெபம் செய்தார்.’ படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே பாட்டி கைநாட்டு வைத்தார். விசாரணை இன்னும் முடியவில்லை.